சிக்மா 150-600 லென்ஸ்: அணிவகுக்கும் ஜெட்டுகளுக்குப் போதுமா?

சிக்மா 150-600 கன்டெம்பொரரி லென்ஸைக் கெனன் 80டி கமராவில் மாட்டிச் சில வருடங்களாகப் பாவித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பறவைப் படம் எடுக்கும் தம்பிமார் "அண்ணை, ஜெட் எடுக்க இது காணுமோ?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். காணும். ஆனால் தூரத்தை மிகக் கிட்டக் கொண்டுவரும் 600 மி.மீ. முனையை நம்பி வாங்காதீர்கள்.

2021 மார்ச்சில், இலங்கை விமானப்படையின் 70-ஆவது ஆண்டுக்காக இந்திய விமானப்படையின் சாகச அணியான சூரியகிரண் கொழும்புக் காலிமுகத்திடலுக்கு மேல் பறந்தபோது நான் அங்கே நின்றேன். ஹோக் ஜெட்டுகள், சிறகோடு சிறகு ஒட்டினாற்போல. 600-இல் ஒரு விமானம் அழகாக நிறையும், அணி தெரியாது. தூரத்தில் 300, நெருங்கும்போது 200. தலைக்கு மேலே வந்தால் 150-இன் அகலமும் காணாது. 80டி-யின் சென்சர் சிறியது, அதில் அது 240 போலத்தான். ஓரத்து விமானம் வெட்டுப்பட்டுவிடும். இந்த லென்ஸின் பெரிய குறை இதுதான், 1.9 கிலோ எடையல்ல.

அணியின் ஒன்பது விமானமும் தெளிவாக வர லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டும் என்பார்கள். தேவையில்லை. 300-இல் எஃப் 8 வைத்து, 600 மீற்றர் தூரத்து முன் விமானத்தில் ஃபோகஸ் பிடித்தால், ஏறக்குறைய 300 மீற்றருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. புகையில் மட்டும் ஃபோகஸ் புள்ளியை வைக்காதீர்கள். லென்ஸின் பக்கத்திலுள்ள ஃபோகஸ் எல்லைச் சுவிட்சை 10 மீற்றருக்கு மேல் என்று தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் வெறும் வானத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். சட்டர் 1/2000 செக்கன். அந்த வேகத்தில் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுகிறேன். திடல் மேற்குப் பார்த்தது, பின்னேர வெயில் முகத்துக்கு நேரே. வெளிச்சத்தை ஒரு படி கூட்டாவிட்டால் வயிற்றுப்பக்கம் கறுத்துப்போகும்.

போர்க்காலத்தில் ஜெட் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய ஊர் எங்கள் யாழ்ப்பாணம். கொழும்பிலேயே இருக்கும் என் மாமா அன்று திடலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். படங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அவரை நான் வற்புறுத்தவில்லை.

கைப்பழக்கத்துக்கு யாழ்ப்பாணத்தில் பூநாரைகள் போதும். மாரியில் மண்டைதீவுப் பக்கம் வரிசையாக எழும்பும்போது, முன்னால் போகும் பறவையில் புள்ளியை வைத்தபடி இடுப்பைத் திருப்பிப் பழகுங்கள். பண்ணைக் கடலோர உப்புக்காற்றில் நின்றால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். இந்த மாதிரியில் கமராவோடு சேரும் இடத்தில் மட்டுமே தூசு, நீர்த் தடுப்பு. மாரி முழுக்கச் சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பெட்டிக்குள் வைக்கிறேன். இன்னும் பூஞ்சணம் பிடிக்கவில்லை.

அணிவகுப்பு மட்டும்தான் எடுப்பீர்களென்றால் 100-400 வாங்குங்கள். பறவையும் வேண்டுமென்றால் இதுதான்.