ரத்த டயாலிசிஸா, வயிற்று வழி டயாலிசிஸா?

சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலிலிருந்து கழிவை நீக்கும் டயாலிசிஸில் இந்த இரண்டு வழிகள் உண்டு. பலருக்கு முதல் வழியான ரத்த டயாலிசிஸ் மட்டுமே சொல்லப்படுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

ரத்த டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்ற ஊசி குத்துவதற்கான இணைப்பை அமைப்பார்கள். அது பக்குவப்படப் பல வாரங்கள் பிடிக்கும். விரலை வைத்தால் அந்த இடம் அதிர்வது தெரியும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக் கூடாது. அதிர்வு நின்றால் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு. இளநீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம்.

வயிற்று வழியில் ரத்தக்குழாயில் ஊசி குத்தும் வேலை இல்லை. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகச் சுமார் 2 லிட்டர் திரவத்தை வீட்டிலேயே ஏற்றி, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். வழக்கமாக நாளுக்கு 3, 4 முறை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு சற்றுத் தளர்வு. ஆனால் திரவத்திலுள்ள குளுக்கோஸ் சர்க்கரை அளவை ஏற்றும். கை கழுவுவதில் துளியும் அலட்சியம் ஆகாது. வடித்த திரவம் கலங்கலாக இருந்தால் தொற்று என்று சந்தேகித்து, அந்தப் பையோடு உடனே கிளம்ப வேண்டும்.

டயாலிசிஸ் மையம் தொலைவில் உள்ள கிராமத்தவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் என் வாக்கு இரண்டாவதற்கே. வீட்டில் சுத்தமான இடம் இல்லாதவருக்கும், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தவருக்கும் முதல் வழியே பொருந்தும்.