ஏழு கிலோவுக்கு ஓர் ஊசி: போட்ட எட்டு மாதமும் நிறுத்திய ஒரு வருடமும்

எனக்கு இறங்க வேண்டியிருந்தது வெறும் ஏழு கிலோ. "அதுக்கெல்லாமா ஊசி?" என்று அக்கா கேட்டாள். அதே கேள்வியை நானே என்னிடம் கேட்டுக் கேட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 166 செ.மீ., எடை 75.4 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 27.4. பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசிகளை எழுதித்தர வைத்திருக்கும் அளவு பொதுவாக பிஎம்ஐ 30. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று எடையோடு ஒட்டிக்கொண்டு வரும் தொந்தரவு ஏதாவது இருந்தால் 27 போதும். நான் ஐந்து வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். அதாவது வாசற்படியில் நிற்கிற கேஸ். ஆசிய உடல்வாகு உள்ளவர்கள் 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே சொல்லியிருக்கிறது. இதையும் டாக்டரிடம் வாதமாக வைத்தேன். அவர் மசியவில்லை.

"மூணு மாசம் என்ன சாப்பிடறீங்க, எவ்வளவு நடக்கறீங்கன்னு எழுதிட்டு வாங்க." எழுதினேன். 1.2 கிலோ இறங்கியது, நாலாவது மாதம் அதுவும் திரும்பி வந்துவிட்டது. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, எனக்குக் கணையத்தில் எப்போதாவது வீக்கம் வந்திருக்கிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா, குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "எப்ப நிறுத்தப் போறோம்னு இன்னைக்கே பேசிடலாம்" என்றார். "ஏழு கிலோ இறங்கினதும் நிறுத்திடலாம் டாக்டர்" என்றேன், பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி. அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டில் எழுதினார்: செமாகுளுடைட், வாரம் ஒரு முறை, 0.25 மி.கி.

இந்த மருந்து செய்வது என்ன? சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. "போதும்" என்று மூளைக்குச் சொல்கிற வேலை அதற்கு. ஆனால் உடம்பில் சுரக்கும் அசல் சரக்கு சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே ஹார்மோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் செமாகுளுடைட். போட்ட மருந்தில் பாதி குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒன்று போதுமானதாக இருக்கிறது. வயிறு காலியாவதையும் இது மெதுவாக்கும். இந்தக் குடும்பத்தில் முதலில் சந்தைக்கு வந்தது 2005இல் அனுமதி பெற்ற எக்ஸனடைட். அதன் மூலச்சரக்கு கிலா மான்ஸ்டர் என்ற விஷப்பல்லியிடம் கிடைத்தது. 1992இல் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். இந்தப் பல்லிக் கதையை அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் போட்டுக்கொள்வது அது இல்லை என்று விளக்கியும் இன்றுவரை அவள் வாயில் அது "பல்லி ஊசி"தான்.

முதல் ஊசியை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போட்டேன். சனி, ஞாயிறு வீட்டில் இருப்பேன், வாந்தி வந்தாலும் சமாளிக்கலாம் என்ற கணக்கு. நாலு தடவைக்கான மருந்து உள்ள பேனா. ஒவ்வொரு தடவையும் புது ஊசிமுனை மாட்ட வேண்டும், நீளம் 4 மில்லிமீட்டர்தான். அடிமுனையைத் திருகினால் டிக் டிக்கென்று எண் ஏறும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சதையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குத்தினேன். குத்தியதே தெரியவில்லை. எண் பூஜ்யத்துக்கு வந்ததும் ஆறுவரை நிதானமாக எண்ணிவிட்டுத்தான் உருவ வேண்டும். நான் மூன்றிலேயே உருவிவிட்டேன். முனையில் ஒரு சொட்டு தொங்கியது. அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னொன்று போடலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். நல்லவேளை, கையேட்டைப் படித்தேன். சிந்தியது சிந்தியதுதான், மறுபடி போடக் கூடாது.

0.25 என்பது உடம்பைப் பழக்குவதற்கான அளவு, எடை இறங்காது என்றார்கள். எனக்கு இரண்டாவது வாரமே வித்தியாசம் தெரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்குள் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அலமாரியில் பிஸ்கட் இருக்கிறது, ரெண்டு எடுக்கலாமா, எடுத்தால் ராத்திரி சாப்பாட்டைக் குறைக்கலாமா, குறைக்கப் போவதில்லையே, சரி மூன்றாக எடுப்போம். வருடக்கணக்காக ஓடிய பஞ்சாயத்து. ஒரு புதன்கிழமை ஏழு மணிக்குத்தான் இன்று அது கூடவே இல்லை என்று உறைத்தது. பிரித்து வைத்த பாக்கெட் அந்த மாதம் நமத்துப்போய்க் குப்பைக்குப் போனது. எங்கள் வீட்டில் பிஸ்கட் நமத்துப்போனது அதுதான் முதல் தடவை.

இத்தனை நாள் நான் என்னை நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு மருந்தில் அடங்குகிற சமாச்சாரத்துக்கு எதற்கு அத்தனை திட்டு என்று ஒரு பக்கம் நிம்மதி. ஏமாந்துபோன மாதிரி ஒரு வருத்தமும் இருந்தது.

ஐந்தாவது வாரம் 0.5. அப்போதுதான் சோதனை ஆரம்பித்தது. ஊசிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் லேசான குமட்டல், பஸ்ஸில் பின்சீட்டில் உட்கார்ந்த மாதிரி. கெட்ட முட்டை நாற்றத்தோடு ஏப்பம். அதை மறைக்க முடியாது, மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தால் இன்னும் கஷ்டம். எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது மலச்சிக்கல். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தாகமே எடுக்காது. பாட்டிலில் கோடு போட்டுக் குடித்த பிறகு சரியானது. வாந்தி ஒரே ஒரு முறை. தோழி வீட்டு விருந்தில் பழைய நினைப்பில் பழைய அளவு சாப்பிட்டேன். வயிறு "போதும்" என்று சொன்னதற்குப் பிறகு நாலு வாய். அந்த நாலு வாய்க்கு ராத்திரி முழுக்க பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

எடை இறங்கியது இப்படி: முதல் மாதம் 74.1, மூன்றாவது மாதம் 71.0, ஆறாவது மாதம் 68.2. மூன்றாவது மாதம் நானே பேராசைப்பட்டு அளவைக் கூட்டலாமா என்று கேட்டேன். அட்டவணைப்படி நாலு வாரத்துக்கு ஒரு படி ஏறி 1, 1.7, 2.4 மி.கி. வரை போகலாம். டாக்டர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். ஸ்டெப் 1 என்று ஒரு பெரிய ஆய்வு, 2021இல் வெளியானது, 1,961 பேர், 68 வாரம். 2.4 மி.கி. போட்டவர்களுக்குச் சராசரியாக இறங்கியது உடல் எடையில் 14.9 சதவீதம். என் எடையில் அது 11 கிலோவுக்கு மேல். "நீங்க கேட்டது ஏழு. ஏற்கெனவே இறங்கிட்டுதானே இருக்கு, எதுக்கு ஏத்தணும்?" கடைசிவரை 0.5ஐத் தாண்டவில்லை. கொஞ்சமாக இறக்க நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அட்டவணை எழுதப்பட்டது என்னைவிட இருபது, முப்பது கிலோ கூடுதலாக இருப்பவர்களை மனதில் வைத்து. படி ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு காலை, குனிந்து செருப்பு மாட்டிவிட்டு நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிரஷர் 98/62. எடை இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது, நான் பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் பாதியாகக் குறைத்தார். மொத்த அனுபவத்திலும் எனக்குப் பெரிய லாபம் அந்தப் பாதி மாத்திரைதான். கவனிக்காமல் விட்டிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கக்கூடியதும் அதுதான். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாகச் சர்க்கரைக்கோ பிரஷருக்கோ சாப்பிடுகிறவர்கள், எடை மெஷினோடு அதற்கான மெஷினையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் குறைக்க நினைத்தது இடுப்பு. முதலில் வாடியது கன்னம். ஆறாவது மாதம் பார்த்தவர்கள் எல்லாம் "இளைச்சுட்டீங்களே" என்று சொல்லவில்லை, "உடம்பு சரியில்லையா?" என்றார்கள். நிறைய இறக்குகிறவர்களுக்கு ஊரே கைதட்டும். ஏழு கிலோ இறக்கினால் நோயாளி வேஷம்தான் கிடைக்கும். தலைமுடியும் குளியலறையில் கொத்தாக வந்தது. வேகமாக எடை இறங்கினால் மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வது சகஜம், திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். முளைத்தது.

தசை விஷயத்தில் தப்பு என்னுடையது. இறங்கும் எடை எல்லாமே கொழுப்பு என்று நினைத்துவிட்டேன். ஸ்டெப் 1 ஆய்வில் ஒரு சிலரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, போன எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை. எனக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. நாலாவது மாதம் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் மகனைக் கூப்பிட்டேன். அன்றைக்குத்தான் டம்பெல் வாங்கினேன். முதல் வாரமே வாங்கியிருக்க வேண்டும். பசியே இல்லாதபோது சாப்பிடுகிற கொஞ்சத்தில் முட்டையும் பருப்பும் முதலில் போக வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

எட்டாவது மாதம் 67.8. இலக்கைத் தாண்டியாயிற்று. டாக்டர் நாலு வாரம் 0.25க்கு இறக்கி, பிறகு நிறுத்தச் சொன்னார். கடைசி ஊசிக்குப் பிறகும் ஐந்து முதல் ஏழு வாரம் மருந்து ரத்தத்தில் இருக்கும் என்பதால் முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியா, பழகிடுச்சு" என்று அக்காவிடம் பெருமை அடித்தேன். ஆறாவது வாரம், சாயங்காலம் ஐந்து பத்து. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அலமாரியில் பிஸ்கட் இருக்கிறது, ரெண்டு எடுக்கலாமா என்று உள்ளே ஒரு குரல். நாற்காலியிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரர் பெட்டியோடு வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

நிறுத்திய பிறகு என்ன நடக்கும் என்பது ரகசியம் இல்லை. அதே ஸ்டெப் 1 ஆய்வில் ஒரு பகுதியினரை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. முதல் நாள் டாக்டர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. ஏழு கிலோ இறக்குவது மருந்தின் வேலையாக இருந்தது. ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு யாரும் பேனா தரவில்லை. நான் வாரம் மூன்று நாள் டம்பெல், தினம் காலை எடை, வீட்டில் பிஸ்கட் வாங்குவதில்லை என்று இருக்கிறேன். வீட்டில் பிஸ்கட் இல்லையென்றால் பஞ்சாயத்து சீக்கிரம் கலைகிறது. ஒரு வருடத்தில் 3.3 கிலோ ஏறியிருக்கிறது. பிரஷர் மாத்திரை இன்னும் பாதியிலேயே நிற்கிறது.

அலுவலகத்தில் "என்ன டயட்?" என்று கேட்டவர்களிடம் "ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சேன்" என்று சொல்லிவைத்திருந்தேன். அதை நம்பி ஒரு பெண் மூன்று மாதம் பட்டினி கிடந்திருக்கிறாள். உண்மையைச் சொன்னதும் முறைத்துவிட்டு, அடுத்த வாரமே அவளும் தேட ஆரம்பித்தாள், நாலு கிலோவுக்காக. பிஎம்ஐ 22. இணையத்தில் யாரோ சீட்டு இல்லாமலே சின்னக் குப்பியும் சிரிஞ்சும் அனுப்புவதாகச் சொன்னார்களாம். நான் பதறிப்போய்த் தடுத்தேன். போலி செமாகுளுடைட் புழங்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்தது. குப்பியிலிருந்து தாங்களே உறிஞ்சிப் போட்டுக்கொண்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை கூடுதலாகப் போட்டுக்கொண்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே வருடம் சொன்னது. மில்லிகிராமும் சிரிஞ்சில் இருக்கும் கோடும் ஒன்றல்ல. எனக்கு ஒரு சொட்டு சிந்தியதற்கே கை நடுங்கியது.

மறுபடி போடுவேனா என்று கேட்கிறார்கள். பிரிக்காத பேனா ஒன்று ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறது, காலாவதி அடுத்த மாதம். போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். "72 தாண்டினா வாங்க, பேசலாம்" என்றார். இன்று காலை 71.1.