டிஎன்எஸ்ஸா, வைஃபையா, ஒயரா? வீட்டு நெட்டில் எதை மாற்றினால் வேகம் கூடும்

பிளான் 200 எம்பிபிஎஸ். லேன் ஒயர் செருகிய கம்ப்யூட்டரில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 94. படுக்கையறையில் போனில் போட்டால் 30-ஐத் தாண்டாது. "டிஎன்எஸ் மாத்திப் பாருங்க" என்றார் ஆபீஸ் நண்பர். மாற்றினேன். 94 அசையவில்லை.

அசையாதுதான். இணையதளத்தின் பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைத் தேடித் தருவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 எதைப் போட்டாலும் பக்கம் திறக்கத் தொடங்கும் அந்தக் கண நேரத்தில் சில மில்லிசெகண்டு மிச்சமாகலாம். 2 ஜிபி படம் இறங்கும் வேகம் மாறாது. கேபிள்காரரின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துவிடும் வீடுகளில் மட்டும் இதனால் நிஜமான நிம்மதி உண்டு.

வைஃபை பக்கம் வந்தால் கதை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் அபார்ட்மென்டில் எல்லா வீட்டு ரவுட்டரும் அதே சந்தில்தான் முட்டிக்கொள்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைக்காரர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் சில நேரம் 2.4-லேயே ஒட்டிக்கொள்ளும். நான் பெயரைப் பிரித்து வைத்து, இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். படுக்கையறையில் 30 இருந்தது 130 ஆனது. செலவு பூஜ்யம்.

ஒயருக்கு வருவோம். அந்த 94 என்ற எண்ணே விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில், தகவலோடு போகும் தலைப்புச் சுமையைக் கழித்தால் டெஸ்டில் தெரிவது ஏறத்தாழ அதுதான். கேட்5இ என்ற வகை லேன் ஒயரில் எட்டு கம்பிகள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்தாலும் பல நேரங்களில் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்த ஒயரை மாற்றியதும் 190-க்கு மேல் வந்தது. இத்தனை நாளும் கேபிள்காரரைத் திட்டியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டே 100-தான் என்றால் ஒயரை மாற்றியும் பயனில்லை.

கோஆக்ஸ் ஒயர் (கேபிள் டிவிக்கு வரும் அதே உருண்டை ஒயர்) மோடத்துக்கு நேராக வரும் வீடுகளில் இன்னொன்றையும் பாருங்கள்: டிவிக்காக நடுவில் போட்ட, சிக்னலைக் கிளை பிரிக்கும் ஸ்பிளிட்டர். இருவழி ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபல் சிக்னலைத் தின்றுவிடும். பல மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் சிக்னல் அளவு தெரியும்.

விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து வேகம் கூட்டும் வித்தைகள் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. ஒரே மூச்சில் எவ்வளவு தகவல் வரலாம் என்ற அளவை (டிசிபி விண்டோ) விஸ்டாவிலிருந்து விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. "விண்டோஸ் நெட் வேகத்தில் 20 சதவீதம் பிடித்து வைத்திருக்கிறது" என்பது அப்போதே கட்டுக்கதை. பிளானைத் தாண்டவைக்கும் செட்டிங் எதுவும் வீட்டில் இல்லை. வேக வரம்பைக் கேபிள் மோடம் ஆன் ஆகும்போதே கம்பெனி பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது.

எஸ்க்யூஎம், அதாவது தகவல் வரிசையை ரவுட்டரே ஒழுங்குபடுத்தும் வசதி, இவற்றோடு ஒரே தட்டில் வைக்க முடியாத ஆள். வேகத்தைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கவே செய்யும். கேபிள் நெட்டில் அப்லோடு குறுகலான வழி. ஒரு போன் போட்டோக்களை பேக்கப் ஏற்றத் தொடங்கினால் மோடத்தில் வரிசை நீண்டு, 20 மில்லிசெகண்டில் வரவேண்டிய பதில் பல நூறு மில்லிசெகண்டுக்குப் போய்விடும். வீடியோ காலில் குரல் வெட்டி வெட்டி வரும். எஸ்க்யூஎம்மில் வரம்பை நிஜ வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வைத்தால் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. எல்லா ரவுட்டரிலும் இந்த வசதி கிடையாது. சாதாரண ரவுட்டரின் பிராசசர் 200 எம்பிபிஎஸ்ஸைத் தாங்காமல் திணறும். அதனால் அப்லோடுக்கு மட்டும் போட்டேன், 20 எம்பிபிஎஸ்ஸை 18 ஆக்கி. மனைவி மீட்டிங்கில் இருக்கும்போதே இப்போது போன் பேக்கப் ஓடுகிறது.