2007 சான்ட்ரோவில் யூஎஸ்பி போர்ட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என்னிடம் இருப்பது 2007 மாடல் சான்ட்ரோ ஜிங். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. எஞ்சினில் குறை இல்லை, மதுரை வெயிலில் ஏசியும் இன்னும் பல்லைக் காட்டவில்லை, அதனால் விற்க மனமில்லை. ஆனால் அந்த வண்டி வந்த காலத்தில் காருக்குள் போனை சார்ஜ் போட வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? டாஷ்போர்டில் இருப்பது சிகரெட் லைட்டரும் ஆஷ்ட்ரேயும்தான். நானோ சிகரெட் பிடிப்பதில்லை.

முந்தைய ஓனர் போட்டுவைத்த ஸ்டீரியோவில் ஒரு யூஎஸ்பி ஓட்டை உண்டு. அது பென் டிரைவில் பாட்டுக் கேட்பதற்கு. பழைய யூஎஸ்பி கணக்குப்படி 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். மேப்பை ஓடவிட்டுத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் போன் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும். ஒருமுறை மதுரையில் 40 சதவீதத்தோடு கிளம்பினேன். வழியெல்லாம் சார்ஜில் போட்டிருந்தும் திருநெல்வேலி போய்ச் சேர்ந்தபோது 22.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் ஒன்று வாங்கினேன். துளை பழசாகி உள்ளே பிடிமானம் தளர்ந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் சார்ஜர் ஒரு நூல் வெளியே வரும், போன் 'டொய்ங்' என்னும். அதைவிடப் பெரிய தொல்லை, டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க கம்ப்ரஸர். அதற்கும் அதே துளைதான் வேண்டும்.

2021 கடைசியில் எங்கள் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனேன். "அண்ணே, லைட்டர் வயர்லயே ஜாயின்ட் எடுத்துரலாம், அரை மணி நேர வேலை" என்றார் அந்தத் தம்பி. சொன்னபடி அரை மணியில் முடித்தும் கொடுத்தார். டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஓட்டை உள்ள போர்ட் ஒன்று தொங்கியது. போன் நன்றாக ஏறியது. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

2022 ஆகஸ்டில் கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம். பின் டயர் கொஞ்சம் இறங்கியிருந்ததால் கம்ப்ரஸரை மாட்டிக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். "என்னங்க, உள்ள ஏதோ கருகுற வாடை வருது" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால் லைட்டருக்குப் பின்னாலிருந்து மெலிசாகப் புகை. சாவியை அணைத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுத்தான் மூச்சுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. லைட்டருக்குப் போகும் வயரை நடுவில் வெட்டி, போர்ட்டின் வயரையும் சேர்த்து, மூன்றையும் கையால் முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி, பிசுபிசுவென்று ஜவ்வாக வழிந்திருந்தது. முறுக்கும் தளர்ந்து, செம்பு கறுத்துக் கிடந்தது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், "15 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே, அது ஏன் போகவில்லை" என்று நானே இரண்டு நாள் குழம்பினேன். பியூஸ் பார்ப்பது கரண்ட் அளவை மட்டும்தான். கம்ப்ரஸர் இழுத்தது சுமார் 10 ஆம்பியர், பியூஸின் கணக்கில் அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 10 ஆம்பியரும் தளர்ந்த முறுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி அதை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் எத்தனை வாட் சூடாக மாறுகிறது என்று வந்துவிடும். முறுக்கின் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர் இழுக்கும் 2 ஆம்பியருக்கு 0.4 வாட், தொட்டால் தெரியக்கூடத் தெரியாது. கம்ப்ரஸரின் 10 ஆம்பியருக்கு 10 வாட். நாம் வீட்டில் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட அதில் பாதியை பிளாஸ்டிக்குக்கும் பஞ்சுக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கிறோம். எட்டு மாதம் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், நான் அந்த எட்டு மாதத்தில் காற்றே அடிக்கவில்லை.

அதன்பிறகு நானே செய்வது என்று இறங்கினேன். முதல் முடிவு: வண்டியோடு வந்த எந்த வயரையும் வெட்டுவதில்லை. லைட்டரை, வயர்களை அழுத்திப் பிடிக்கும் சரியான கிரிம்ப் போட்டு அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி அது கம்ப்ரஸருக்கு மட்டும்.

புது போர்ட்டுக்கு பியூஸ் டேப் என்று ஒன்று கிடைக்கிறது, நூற்றுச் சொச்சம் ரூபாய். வண்டியின் பியூஸ் பெட்டியில் இருக்கிற பியூஸைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். இதில் இரண்டு பியூஸ் உட்காரும். ஒன்று பழைய வேலைக்கு, இன்னொன்று நம் புது வயருக்கு. பிளேடு பியூஸில் பெரிய சைஸ், மினி சைஸ் என்று உண்டு. நான் பார்க்காமல் ஆர்டர் போட்டு ஒருமுறை திருப்பி அனுப்பினேன். உங்கள் வண்டி பியூஸ் ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எந்தப் பியூஸில் எடுப்பது? டெஸ்ட் லேம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க பெடலுக்கு மேலே தலையை விட்டுக் கிடந்தேன். சாவி அணைந்திருக்கும்போது விளக்கு எரியக் கூடாது, முதல் கிளிக்கில் எரிய வேண்டும். அதுதான் ஏசிசி, அதாவது ஆக்சஸரி லைன். ஸ்டீரியோவின் பியூஸ் அப்படி இருந்ததால் அதைப் பிடித்தேன். ஹெட்லைட், ஹாரன், எஞ்சின் சம்பந்தப்பட்ட பியூஸ்கள் பக்கமே போகக் கூடாது.

பியூஸ் டேப்பைச் செருகுவதில் திசை உண்டு. பழைய பியூஸைப் பிடுங்கியபின் மிஞ்சும் இரண்டு பிளவில் ஒன்றில்தான் கரண்ட் வரும், மற்றது வெளியே போகும் வழி. கரண்ட் வரும் பக்கம் பியூஸ் டேப்பில் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் போய் உட்கார்ந்தால்தான் இரண்டு பியூஸும் தனித்தனியாக வேலை செய்யும். திருப்பிச் செருகினாலும் போர்ட் வேலை செய்யும், ஆனால் நம் கரண்ட்டும் பழைய பியூஸ் வழியாகவே சுற்றிவரும். இதையும் டெஸ்ட் லேம்ப் ஒரு நொடியில் காட்டிவிடும்.

போர்ட்டில் டைப்-சி ஒன்று 20 வாட், பழைய சதுர ஓட்டை ஒன்று 12 வாட். இரண்டும் சேர்ந்து 32. விரயத்தையும் சேர்த்து 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 5 ஆம்பியர், சந்தன நிற பியூஸ். வயர் 1 சதுர மில்லிமீட்டர். எர்த்துக்கு டாஷ்போர்டு அடியில் பாடியோடு சேர்ந்த ஒரு போல்ட்டைப் பிடித்து, பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் டெர்மினல் போட்டு இறுக்கினேன். இன்சுலேஷன் டேப்புக்குப் பதில், சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுகப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ்.

டாஷ்போர்டில் ஓட்டை போட மனம் வரவில்லை. ஆஷ்ட்ரேயைக் கழற்றினால் அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது. நேம் போர்டு கடையில் கறுப்பு அக்ரிலிக் துண்டு ஒன்றை அளவுக்கு வெட்டி வாங்கினேன். போர்ட்டுக்கு 29 மில்லிமீட்டர் வட்டத் துளை வேண்டும். கதவுப் பூட்டுக்குத் துளை போடும் ஹோல் சா வைத்திருந்த தச்சர், டீக் காசுகூட வாங்காமல் போட்டுக் கொடுத்தார். ஆஷ்ட்ரேயைப் பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

சரி, மூன்று வருடத்தில் என்ன ஆனது என்று பார்ப்போம்.

சார்ஜ் விஷயத்தில் முழுத் திருப்தி. கப்பலூர் டோல்கேட் தாண்டும்போது 30 சதவீதத்தில் மாட்டினால் சாத்தூர் போவதற்குள் 80ஐத் தொட்டுவிடும். ஆனால் மே மாதத்தில் போனைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, மேப் போட்டு, 20 வாட்டில் ஏற்றினால் போன் கொதித்துச் சார்ஜை அதுவே குறைத்துக்கொள்கிறது. வெயில் காலத்தில் 12 வாட் ஓட்டையில் மாட்டி, போனை ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றிவிட்டேன். அதுதான் இன்னும் வேகமாக ஏறுகிறது.

போர்ட்டோடு ஒரு குட்டி வோல்ட் மீட்டர் வந்தது. வாங்கும்போது அதை வெறும் பகட்டு என்றுதான் நினைத்தேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.5, ஓடும்போது 14.1 என்று காட்டும். நல்ல மல்டிமீட்டரை விட 0.2 குறைவாகக் காட்டுகிறது, வயரில் அவ்வளவு விழுகிறது. ஒரு மார்கழிக் காலையில் 11.8 என்றது. அன்றே பேட்டரிக் கடையில் டெஸ்ட் பண்ணினால் ஒரு செல் போயிருந்தது. நடுவழியில் நின்று நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளும் வேலை மிச்சம். ஆனால் அந்த நீல எழுத்து இரவில் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும். கறுப்புக் கூலிங் ஃபிலிம் ஒரு துண்டை ஒட்டி அடக்கினேன்.

சும்மா இருக்கும்போதும் மீட்டரும் போர்ட்டும் சேர்ந்து 18 மில்லி ஆம்பியர் தின்கின்றன. ஏசிசி லைன் என்பதால் எனக்குக் கவலையில்லை. நண்பன் ஒருவன் இதேபோல ஒன்றை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டு ஒரு மாதம் வெளியூர் போய்விட்டான். ஒரு நாளைக்கு 0.43 ஆம்பியர்-ஹவர் என்றால் மாதத்துக்கு 13. இந்த மாதிரி வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதுவும் அவனுடையது வயசானது. வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்.

நான் எதிர்பார்க்காத சங்கடம் ரேடியோ. வண்டியில் கோடைப் பண்பலை 100.5 எனக்கு வழித்துணை. போர்ட் போட்டபிறகு விருதுநகர் தாண்டினாலே பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். போனைப் பிடுங்கினால் குறையும், 5 ஆம்பியர் பியூஸைப் பிடுங்கினால் அடியோடு நிற்கும். 12 வோல்ட்டை 5 ஆக்கும் சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரம் முறை கரண்ட்டைத் திறந்து மூடுகிறது, அந்தச் சலசலப்புத்தான் ரேடியோவில் கேட்கிறது. என் வயரை ஏரியல் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தது என் தப்பு. அதைப் பிரித்து வேறு வழியில் இழுத்து, போர்ட்டுக்குப் பக்கத்தில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மணி ஒன்றை வயரில் கவ்வவிட்டேன். முக்கால்வாசி குறைந்துவிட்டது. சிக்னல் மெலிந்த இடத்தில் இன்னும் லேசாகக் கேட்கத்தான் செய்கிறது. பாட்டு நல்லதாக இருந்தால் போனைப் பிடுங்கிவிடுகிறேன்.

இடமும் முழுக்கச் சரியில்லை. மூன்றாவது கியர் போடும்போது கை கேபிளின் தலையில் இடித்தது. தலை மடங்கிய கேபிள் வாங்கியபின் பரவாயில்லை. ரப்பர் மூடி முதல் வருடமே காணாமல் போனது. திருச்செந்தூர் போய்வந்த ஒருநாள், மனைவி வைத்த விபூதிப் பொட்டலம் கவிழ்ந்து டைப்-சி ஓட்டைக்குள் கொட்டிவிட்டது. பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். குண்டூசி, சேஃப்டி பின் எதுவும் உள்ளே போகக் கூடாது, அதுவும் சாவி போட்டிருக்கும்போது கூடவே கூடாது.

போன சித்திரையில் அதே டைப்-சி ஓட்டை ஆட்டம் கண்டது, கேபிளைத் தொட்டாலே விட்டுவிட்டு ஏறியது. 650 ரூபாய்க்குப் புது போர்ட் வாங்கினேன். பின்னால் ஸ்பேட் டெர்மினல் போட்டிருந்ததால் இரண்டை உருவி இரண்டைச் செருகியதோடு பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பியூஸ், வயர், எர்த் எதையும் தொடவில்லை. பியூஸ் டேப்பை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தேன், கறுக்கவில்லை.

பின்சீட்டுக்கும் ஒரு போர்ட் வேண்டும் என்று மகள் கேட்கிறாள். இப்போதைக்கு இரண்டு மீட்டர் கேபிள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.