கூட இருந்தவர் சாட்சியா, தலைவரின் சொந்தக் குரலா?

ஒரு தலைவரின் ஆதரவாளர்களை எது அசைக்கும்? என் கணக்கில் குரல் பதிவுக்குத்தான் பலம் அதிகம், ஆனால் அதுவும் தனியாக எடுபடாது.

அமெரிக்க அதிபராக இருந்த நிக்சனைப் பாருங்கள். 1973 ஜூனில் வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்த ஜான் டீன், வாட்டர்கேட் விவகாரம் (எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததும் அதை மூடி மறைத்ததும்) பற்றி செனட் குழு முன் எல்லாவற்றையும் கொட்டினார், நிக்சன் அசையவில்லை. வாட்டர்கேட் விசாரணையை உளவு அமைப்பான சிஐஏ-வை வைத்துத் தடுக்க நிக்சனே சம்மதிக்கும் ஒலிநாடா 1974 ஆகஸ்ட் 5-ல் வெளிவந்ததும், அதுவரை பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவில் எல்லாப் பதவி நீக்கக் குற்றச்சாட்டுகளையும் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்த, நிக்சனின் சொந்தக் குடியரசுக் கட்சியினர் 10 பேரும் மாறிவிட்டார்கள். நான்கே நாளில் பதவி போனது.

டிரம்ப் விஷயத்தில் அவருடைய முன்னாள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் போல்டன் 2020-ல் புத்தகமே போட்டார், முன்னாள் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி கெல்லி 2024 தேர்தலுக்குச் சற்று முன் கடுமையாகப் பேசினார். வேலை போன கோபம் என்று ஒதுக்குவது ஆதரவாளர்களுக்குச் சுலபம். சரி, குரல்? 2020 தேர்தலில் தோற்ற ஜார்ஜியாவில் 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன அவருடைய தொலைபேசிப் பேச்சு 2021 ஜனவரியில் எல்லோர் காதிலும் விழுந்தது, அதே ஜார்ஜியாவில் 2024-ல் ஜெயித்தார். வித்தியாசம் சொந்தக் கட்சிதான்: நிக்சனிடம் செனட்டர் கோல்ட்வாட்டர் போன்ற சொந்தக் கட்சிக்காரர்களே நேரில் போய் ஆதரவு கரைந்துவிட்டது என்றார்கள். ஆனால் 2021 பிப்ரவரியில் செனட்டின் பதவி நீக்க விசாரணையில் டிரம்ப்பைக் குற்றவாளி என்ற குடியரசுக் கட்சி செனட்டர்கள் 7 பேர்தான்.