பழைய .22 றைபிளை "டியூன்" பண்ணக் கொடுக்கமுதல் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் உரிமத்தோடு பழைய .22 போல்ட் றைபிள் (0.22 அங்குலக் குழல், ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சாத்துவது) வைத்திருக்கிற ஆக்கள் குறைவு. அதைத் திருத்தத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. 12 போர் சொட்கன் திருத்திப் பழகிய கையோடு "இதுவும் துவக்குத்தானே" என்று .22 இல் கைவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறி சிதறுகிறது என்று அப்படியொருவரிடம் கொடுத்த எங்கள் றைபிள், குழல் கெட்டு, விசை ஆபத்தான நிலையில் திரும்பி வந்திருக்கிறது. காசு முழுவதையும் முன்கூட்டியே வாங்கிவிட்டார். ஆளின் பெயரை எழுதவில்லை. அவர் செய்த வேலையை எழுதுகிறோம், ஏனென்றால் இதே வேலையை "டியூனிங்" என்ற பெயரில் இன்னும் சிலர் செய்கிறார்கள்.

முதல் அநியாயம் குழலுக்குள். கராஜில் வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட்டைத் துணியில் பூசி, கம்பியில் சுற்றி, ட்ரில் மெசினில் மாட்டி, வாய்ப்பக்கமாக உள்ளே விட்டு ஓட்டியிருக்கிறார். உள்ளே பார்த்தால் கண்ணாடிபோல மினுங்குகிறது. பார்க்கிறவருக்குத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் .22 குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றுவதற்காகச் சுருளாக ஓடுகிற ஒவ்வொரு வரியின் உயரமும் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்பு. வால்வு பேஸ்ட் அதைத் தின்ன அதிக நேரம் எடுக்காது. சன்னம் மென்மையான ஈயம், 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். வரிகள் அதை இறுக்கிப் பிடித்தால்தான் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் சுழன்று வெளியே போகும். கம்பி நுழைந்த வாய்ப்பக்கம்தான் கூடத் தேய்ந்திருக்கிறது. சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் தளர்ந்துவிட்டால் பின்னால் எது நன்றாக இருந்தும் பயனில்லை. இப்போது 50 மீற்றரில் காகிதத்தில் விழும் ஓட்டைகளில் சில வட்டமாக இல்லை, நீளமாக இருக்கின்றன. சன்னம் சரிந்துகொண்டு போகிறது என்று அர்த்தம்.

குழல் தேய்ந்ததா என்று அறியப் பெரிய கருவி தேவையில்லை. போல்ட்டைக் கழற்றி, குழல் வெறுமை என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். குழலுக்குள் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். வலைக்குக் கட்டுகிற மென்மையான ஈயக்கட்டியில் ஒரு துண்டைக் குழலின் துளையைவிடச் சற்றுப் பருமனாக உருட்டி, பின்பக்கமாக வைத்து, பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டித் தள்ளுங்கள். கை முழுத் தூரமும் ஒரே இறுக்கத்தை உணர வேண்டும். வாய்க்குக் கிட்ட வந்ததும் ஈயம் வழுக்கிக்கொண்டு ஓடினால் அந்தக் குழல் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையைக் கொடுக்கமுதலும் செய்யுங்கள், திரும்ப எடுக்கும்போது அவர் முன்னாலேயே இன்னொருமுறை செய்யுங்கள்.

குழல் வாயின் விளிம்பை அரத்தால் ராவி, எமரி பேப்பரால் தேய்த்துவிட்டிருந்தார். விளிம்பு துளைக்கு நேர்கோணத்தில் இல்லாவிட்டால் வாயு ஒரு பக்கத்தால் முந்தி வெளியேறி சன்னத்தின் அடியைத் தள்ளும். இது லேத்தில், துளையை மையமாக வைத்துச் செய்கிற வேலை. வழக்கமான கோணம் 11 பாகை. சில மில்லிமீற்றர் வெட்டினாலே போதும். சரிபார்க்க, பஞ்சுக்குச்சியைத் துளைக்குள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றி இழுங்கள். எங்காவது நார் மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. சில வெடி வைத்தபின் வாயில் படிகிற கரி நட்சத்திரம் எல்லாப் பக்கமும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

விசைதான் எங்களுக்கு அதிகம் கோபம் தருகிற இடம். "லேசாக்கித் தருகிறேன்" என்று, விசையை இழுக்கும்வரை அடிக்கும் ஊசியைப் பிடித்து வைத்திருக்கிற கொக்கியைக் கிரைண்டரில் பிடித்திருக்கிறார். பழைய றைபிள்களில் அந்தத் துண்டுக்கு மேற்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே மென்மையான இரும்பு. தோல் போனால் ஒவ்வொரு வெடிக்கும் விளிம்பு தேய்ந்து, ஒருநாள் தொடாமலே வெடிக்கும். இதோடு போல்ட் ஸ்பிரிங்கிலும் சுருள் வெட்டியிருந்தார். .22 ரவையில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது. அடி பலமாகவும் ஒரே மாதிரியும் விழாவிட்டால் வேகம் கூடிக் குறையும், குறி மேலும் கீழுமாக நீளும், சில ரவை வெடிக்கவே மாட்டாது.

திரும்ப வாங்கியதும் வெறும் துவக்கில் பாருங்கள்: அடிக்கும் ஊசியை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையை இழுத்து விடுங்கள். பிறகு பாதுகாப்பை எடுங்கள், ஊசி ஏறியபடியே நிற்க வேண்டும். விழக்கூடாது. போல்ட்டை வேகமாகச் சாத்துங்கள், பிடங்கை றப்பர் விரிப்பில் தட்டுங்கள். அப்போதும் விழக்கூடாது. விழுந்தால் அதில் ரவை போடவே வேண்டாம்.

பிடங்குக்கும் இரும்புக்கும் இடையில் குளியலறைச் சிலிக்கன் அடைத்திருந்தார். அது றப்பர். வெடிக்கு வெடி அசையும். அந்த இடத்துக்கு வேண்டியது உலோகத்தூள் கலந்த, மெதுவாக இறுகுகிற எப்பொக்சி. இரும்புப் பக்கம் மெழுகு பூசிவிட்டு, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட வேண்டும்.

இவ்வளவும் தேவையே இல்லாமல் செய்தவை என்பதுதான் வயிற்றெரிச்சல். பழைய .22 சிதறினால் முதலில் பார்க்க வேண்டியவை எதையும் வெட்டத் தேவையில்லாத காரியங்கள். ரவை உட்காருகிற சேம்பருக்கு முன்னால், ரவைக்கூடு முடிகிற இடத்தில், கரியும் ஈயமும் மெழுகும் வளையமாக இறுகிக் கிடக்கும். துவக்குச் சுத்தம் செய்கிற கரைசலை ஊற்றிக் கால் மணித்தியாலம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையைப் பின்பக்கமாக மட்டும் விட்டு எடுங்கள். இரும்புத் தூரிகை வேண்டாம். சுத்தம் செய்தபின் முதல் ஐந்து பத்து வெடிகள் சிதறும், குழலில் மெழுகு திரும்பப் படிய வேண்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிறகு பிடங்கு ஆணிகள். மரப்பிடங்குக்கு 20 அங்குல இறாத்தல், அதாவது 2.3 நியூட்டன் மீற்றர் அளவு இறுக்கம் போதும். அதைவிட முக்கியம் ஒவ்வொருமுறையும் அதே இறுக்கம். ஐப்பசி தொடங்கி மார்கழி மழை முடியுமட்டும் நம் பக்கத்து ஈரத்தில் மரம் ஊதும். கோடையில் குழலைத் தொடாத பிடங்கு மாரியில் ஒரு பக்கம் முட்டும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். சில பழைய மாதிரிகளில் முன்பக்கம் வேண்டுமென்றே ஒரு ஆணியோ முட்டுக்கொடுப்போ வைத்திருப்பார்கள், அதைச் செதுக்கிவிடாதீர்கள்.

ரவையையும் பாருங்கள். வெவ்வேறு பெட்டி ரவையைக் கலந்து சுட்டுவிட்டுத் துவக்கைக் குறை சொல்வது நடக்கிறது. அதிவேக ரவை ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்பட்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது குலுங்கும். செக்கனுக்கு ஏறத்தாழ 325 மீற்றரில் போகிற சாதாரண வேக ரவைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே தயாரிப்புத் தொகுதியில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்த காகிதத்தைத் திகதி போட்டு வைத்திருங்கள்.

திருத்தக் கொடுப்பதாயின் அந்தக் காகிதத்தைக் காட்டி, என்னென்ன செய்வார் என்று எழுத்தில் வாங்குங்கள். கேட்காமல் இரும்பில் அரம் வைக்கக்கூடாது, கழற்றிய பழைய துண்டுகள் திரும்பி வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். குழல் வாயைக் கிட்ட வைத்துப் படம் எடுங்கள். துவக்குத் திருத்தும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். அதைக் காட்டமாட்டாதவரிடம் விட்டுவிட்டு வந்தால் உங்கள் உரிமத்துக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

பேஸ்ட் ஓட்டிய குழலை "இன்னொருக்கா பொலிஷ் பண்ணினால் சரிவரும்" என்று யாராவது சொன்னால் கொடுக்க வேண்டாம். போன இரும்பு திரும்பி வராது. தேய்ந்தது வாய்ப்பக்கம் கொஞ்சத் தூரம் மட்டும் என்றால், சட்டப்படி அனுமதி எடுத்து அந்த அளவை வெட்டி லேத்தில் புது வாய் போடலாம். உள்ளே முழுக்கத் தேய்ந்திருந்தால் குழல் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.