ஃபயர்வோலுக்கு எந்தத் தகடு? திருகோணமலைக் காற்றில் ஓர் அலசல்

வீட்டில் கட்டும் சிறு விமானத்தில் எஞ்சினுக்கும் விமானியின் கால்களுக்கும் நடுவே இருப்பது ஃபயர்வோல் எனும் தீத்தடுப்புச் சுவர், அதாவது ஒரு தகடுதான். அரை மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. முன்னால் தீப்பிடித்தால், தரையிறங்கி முடிக்கும்வரை அது தாங்க வேண்டும்.

சிறு விமானங்களுக்கான அமெரிக்காவின் பகுதி 23 விதிகள் இதற்குச் சோதனை வைத்தன: ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் சுவாலையை 15 நிமிடம் தாங்க வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்துக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் கட்டுபவர்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 660 பாகையில் உருகும் அலுமினியம் அங்கேயே கழிந்துவிடும். சோதனை இல்லாமலே ஏற்கப்பட்டவற்றில் நமக்குப் பொருந்துவது மூன்று: 0.38 மி.மீ. ஸ்டெயின்லெஸ் உருக்கு, துருப்பிடிக்காமல் பூச்சிட்ட 0.46 மி.மீ. இரும்பு, 0.41 மி.மீ. டைட்டேனியம்.

பூச்சிட்ட இரும்பு என்றால் இங்கே நாகம் (சிங்க்) பூசிய கல்வனைஸ் தகடுதான். மலிவு, வெட்டவும் மடிக்கவும் சுலபம். நாகம் அலுமினியத்தோடு ஒத்துப்போகும் என்பதால் உடற்தகட்டோடு சேரும் இடத்திலும் அரிப்புக் குறைவு. ஆனால் வாடைக்காற்று உப்பை அள்ளிவரும் திருகோணமலைக் கரையோர உப்புவெளிக் கொட்டிலில் வெட்டிய ஓரமும் துளையும் முதலில் சிவக்கும். தீயிலோ, 907 பாகையில் நாகம் ஆவியாகிப் புகைக்கும்.

டைட்டேனியம் உப்பைச் சட்டை செய்யாது. 0.6 சதுர மீற்றர் ஃபயர்வோல் ஸ்டெயின்லெஸில் 1.8 கிலோ வரும், டைட்டேனியத்தில் 1.1 கிலோ. அந்த 700 கிராமுக்காக விலையையும், மடித்தாலும் நிமிர்ந்துகொள்ளும் பிடிவாதத்தையும் நான் சுமக்கமாட்டேன்.

என் தெரிவு 304 ஸ்டெயின்லெஸ். அதற்கும் குணம் உண்டு. வேகமாகத் துளைத்தால் துளையின் வாய் இறுகிப்போய் அலகு வழுக்கும். கோபால்ட் அலகை மெதுவாகச் சுற்றி, அழுத்திப் பிடிக்க வேண்டும். உப்பீரம் பட்டால் அதன் பக்கத்திலுள்ள அலுமினியம் அரிபடும். ஆகவே இரண்டும் தொடுமிடத்தில் பிரைமரும் சீலன்ட்டும் வேண்டும். அதில் கஞ்சத்தனம் கூடாது.

தகட்டுக்காக இவ்வளவு யோசிப்பவர்கள் துளைகளை மறந்துவிடுகிறார்கள். எரிபொருள் குழாய்க்கு அலுமினியப் பொருத்தி போட்டால் தீ அந்த வழியால் உள்ளே வரும். உருக்குப் பொருத்தியே வேண்டும். வயர் போகும் துளையில் வெறும் றப்பர் வளையம் உதவாது. உருக்கு வளையம், தீத்தாங்கும் உறை, அதன் மேல் தீத்தடுப்பு சீலன்ட் என்று அடைக்க வேண்டும்.

இன்னொன்று. தகடு உருகாவிட்டாலும் செக்கச்சிவக்கக் காயும். மறுபக்கம் ஒட்டிய நுரையும் கம்பளமும் அதிலேயே புகையும், பற்றியும் எரியும். சத்தம் குறைக்க அவற்றை ஒட்டுவதை விட்டுவிட்டு, எஞ்சின் பக்கம் செராமிக் இழை விரிப்பைப் போட்டு, மெல்லிய ஸ்டெயின்லெஸ் தாளால் மூடுவது நல்லது. ஓரங்களை முழுதாக அடைக்க வேண்டும். இடைவெளி விட்டால் விரிப்பு எஞ்சின் ஒயிலை உறிஞ்சிக்கொள்ளும், தீக்கு அதுவே எண்ணெய்த்திரி.